இரண்டாம் வயதிலிருந்து இரண்டாம் நாளுக்கு

கொழும்பில் பிள்ளைக்கு ஏதும் வந்தால் மருதானைக்காரர் தூரம் அலைய வேண்டியதில்லை. டீன்ஸ் வீதியால் நடந்தால் கண்ணாஸ்பத்திரியும் பெரியாஸ்பத்திரியும் வந்துவிடும். கின்சி வீதிப் பக்கம் திரும்பினால் 1879இல் தொடங்கிய டி சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரி. புஞ்சி பொரளையைக் கடந்து பொரளைப் பக்கம் ஓட்டோவில் போனால் காசல் வீதி ஆஸ்பத்திரியும், ஆளுநர் றிட்ஜ்வேயின் மனைவி பெயரைத் தாங்கிய சிறுவர் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தும் பதுளையிலிருந்தும் இரவு ரயிலேறிப் பிள்ளையோடு வருபவர்கள் இறங்கும் இடங்களுக்கு இந்த ஊரார் நடந்தே போகலாம்.

ஆனாலும் ஒரு நோய்க்கு மட்டும் இந்த அண்மை நெடுங்காலம் உதவவில்லை. பிறக்கும்போதே பிள்ளையின் இடுப்பு மூட்டு தளர்ந்திருக்கும், அல்லது விலகியிருக்கும். அதைப் பெற்றோர் கண்டது பிள்ளை எழுந்து நடந்தபோதுதான். ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருந்தும் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் யாரும் அங்கே போகவில்லை. போவதற்கு ஒரு காரணமும் அவர்கள் கண்ணில் படவில்லை.

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தி நிற்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு அந்தக் குழியின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். உள்ளே இருக்கும் உருண்டை அழுத்த அழுத்தத்தான் குழி ஆழப்படும். அப்பம் சட்டியின் வளைவை எடுப்பதுபோல, தலையின் வளைவைக் குழி எடுத்துக்கொள்ளும். தலை வெளியே நழுவி நின்றால் குழி தட்டையாகிவிடும், கொழுப்பும் நாரும் அதை நிரப்பத் தொடங்கும், தசைகள் குறுகித் தலையை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஏற ஏறத் திரும்பிப் போகும் வழி அடைபட்டுக்கொண்டே போகும். இவ்வளவும் நடக்கும்போது பிள்ளைக்கு வலியே இராது. பால் குடிக்கும், கால் உதைக்கும், தவழும். இந்த நோயின் கொடுமையே இதுதான் என்று நான் நினைக்கிறேன். அழுது காட்டாத நோயை யார் தேடுவார்கள்?

மூட்டு முற்றாக விலகிப் பிறப்பது ஆயிரத்துக்கு ஒன்று, ஒன்றரைப் பிள்ளைகளுக்குத்தான். குழி ஆழம் குறைந்தது, மூட்டு தளர்ந்தது போன்ற மெல்லிய வடிவங்கள் அதைவிடப் பல மடங்கு. பாதிக்கப்படுவோரில் ஐந்தில் நான்கு பெண் பிள்ளைகள். பிரசவத்துக்காகத் தாயின் உடலில் ஊறும் ஹோர்மோன்கள் பெண் சிசுவின் மூட்டு நார்களைக் கூடுதலாக இளக்கிவிடுகின்றன என்று கருதப்படுகிறது. தலை திரும்பாமல் வயிற்றுக்குள் குந்தியபடியே இருந்த பிள்ளை, முதல் பிள்ளை, பன்னீர் குறைந்த கருப்பையில் நெருக்கி வளர்ந்த பிள்ளை, தாய்க்கோ தமக்கைக்கோ இதே குறை இருந்த பிள்ளை: இவர்களுக்கு வாய்ப்புக் கூட. இடது கால்தான் அதிகம் அகப்படும். வயிற்றுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் கிடக்கும் வாக்கில் அந்தப் பக்கத் தொடை தாயின் முதுகெலும்போடு அணைந்து நிற்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

முன்பு வீட்டில் எப்படித் தெரியவந்தது? முதலில் நடை சற்றுப் பிந்தும். “பொம்பிளைப் பிள்ளைதானே, ஆறுதலா நடக்கும்” என்பார் அம்மம்மா. பிறகு நடக்கும், நடந்தால் ஒரு பக்கம் சரியும். ஒரு காலை ஊன்றும்போது மறுபக்க இடுப்பு கீழே இறங்கும், உடம்பு அதைச் சமாளிக்க ஊன்றிய காலின் பக்கம் சாயும். சில பிள்ளைகள் குட்டையான காலை முன்விரலில் ஊன்றும். இரண்டு பக்கமும் விலகியிருந்தால் இன்னும் மோசம். இரு கால்களும் ஒரே அளவாக இருப்பதால் நொண்டல் தெரியாது. வயிற்றை முன்தள்ளி அசைந்து அசைந்து வரும் நடையைப் பார்த்து வீட்டார் கொஞ்சி மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் நோய்தான் மிகப் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் ஒரு சிறுவன் விந்தி நடந்தால் எல்லோர் வாயிலும் வந்த முதல் பெயர் இளம்பிள்ளை வாதம். 1962இல் இலங்கையை உலுக்கிய போலியோ பரவலைப் பார்த்த தலைமுறை அது. காய்ச்சல் வந்ததா என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் ஏதோவொரு காய்ச்சல் நினைவிருக்கும். அந்த நிழலுக்குள் எத்தனை இடுப்பு மூட்டுகள் மறைந்துபோயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். அதன் பிறகு, காரணம் தெரியாமல் நொண்டும் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரின் மனதில் இடுப்பு முன்னுக்கு வந்தது.

காலம் பிந்துவதற்கு வேறொரு வழியும் இருந்தது. பிள்ளை எங்கோ விழுந்திருக்கும், கால் பிசகியிருக்கும் என்று முறிவு நெரிவு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். சிங்கள அயலார் கெடும் பிந்தும் வெதமாத்தயாவின் விலாசத்தைச் சொல்வார்கள். எண்ணெய், பத்து, மட்டை, துணிக்கட்டு. அவர்களை நான் இகழ மாட்டேன். முறிவுக்கும் சுளுக்குக்கும் பழகிய கைகள் அவை. பல வீடுகளுக்கு நன்மை செய்த கைகள். ஆனால் இது முறிவல்ல. காலை நேரே நீட்டி, இரண்டையும் சேர்த்துக் கட்டுவது இந்த மூட்டுக்கு நேர் எதிரான வைத்தியம். வலியில்லாத பிள்ளை கட்டோடு பொறுத்துக்கொண்டிருக்க, இன்னும் சில மாதங்கள் போய்விடும்.

அப்படிப் பிந்தி வந்த பிள்ளைக்கு உலகெங்கும் மருத்துவம் என்ன வைத்திருந்தது? வியன்னாவின் அடோல்ஃப் லோரன்ஸ் கத்தி வைக்காமல் கையாலேயே மூட்டை உள்ளே தள்ளிவிடும் முறையால் புகழ்பெற்றவர். கிருமிநாசினியான கார்போலிக் அமிலம் அவருடைய தோலுக்கு ஒத்துவராததால் அறுவையை விட்டு, கையை நம்ப வேண்டிவந்தது. 1902இல் சிகாகோவின் இறைச்சிப் பெருவணிகர் ஆர்மரின் மகளுக்கு வைத்தியம் செய்ய அட்லாண்டிக் தாண்டி அழைக்கப்பட்டார். மயக்கம் கொடுத்து, தொடையை முழுப் பலத்தோடு அகட்டி, தலையைக் குழிக்குள் ஏற்றி, தவளை கிடப்பதுபோல் கால்களை விரித்துப் பல மாதங்களுக்குப் பிளாஸ்டர் போட்டுவிடுவார்கள். மூட்டு உள்ளே போனது உண்மை. ஆனால் அந்த அளவு அகட்டியதால் தொடைத் தலைக்குப் போகும் இரத்தம் நெரிபட்டு, பல பிள்ளைகளுக்கு எலும்புத் தலையே செத்துப்போனது. அதன் பிறகு வந்த அரை நூற்றாண்டு, அந்தச் சேதத்தைக் குறைக்கப் பாடுபட்ட காலம். 1957இல் டொரன்டோவின் றொபர்ட் சால்டர் இடுப்பெலும்பை வெட்டி, குழியின் கூரையைத் தொடைத் தலையின் மேலே சாய்த்துவிடும் சத்திரசிகிச்சையைச் செய்தார். நடக்கத் தொடங்கிய பிறகு வரும் பிள்ளைகளுக்கு அந்த அறுவை இன்றும் கைகொடுக்கிறது.

வைத்தியமே கிடைக்காமல் வளர்ந்த பெண்களின் கதையை மருதானையின் தோட்டக் குடியிருப்புகளில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பள்ளியில் ஒரு பட்டப்பெயர். கலியாணப் பேச்சில் ஒரு தடங்கல். முப்பது, நாற்பது வயதில் தேய்ந்த மூட்டின் வலி, அப்போதுதான் முதன்முதலாக வரும் வலி. ஐந்தில் நால்வர் பெண்கள் என்ற கணக்குக்கு எங்கள் சமூகத்தில் இப்படியொரு கூடுதல் வட்டியும் இருந்தது.

மாற்றம் தொடங்கியது ஒரு தாயின் கவனிப்பில் என்பது எனக்குப் பெரும் நிறைவு தரும் செய்தி. இத்தாலியின் ஃபெராரா நகரில் மரினோ ஒர்டோலானி என்ற பிள்ளை வைத்தியரிடம் ஒரு தாய் வந்து, பிள்ளையைக் கழுவக் காலை விரிக்கும்போது ஏதோ துள்ளுகிறது என்றார். அந்த வைத்தியர் சிரித்து அனுப்பவில்லை. கை வைத்துப் பார்த்தார். நழுவிய தலை குழிக்குள் ஏறும் துடிப்பு அது என்று கண்டு 1937இல் எழுதினார். 1962இல் இங்கிலாந்தின் சல்ஃபர்ட்டில் தோமஸ் பார்லோ மறுபாதியைச் சேர்த்தார்: உள்ளே இருந்தாலும் தளர்ந்த மூட்டை, மெல்லப் பின்தள்ளினால் வெளியே நழுவுகிறதா என்று பார்ப்பது. இன்று உலகெங்கும் பிறந்த பிள்ளைக்குச் செய்யப்படும் இடுப்புப் பரிசோதனை இந்த இருவருடையதுதான்.

அதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். பால் குடித்து அமைதியான பிள்ளை, சூடான கை, அவசரமில்லாத சில நிமிடங்கள் போதும். மல்லாக்கக் கிடத்தி, முழங்காலை மடக்கி, பெருவிரல் தொடையின் உட்பக்கம், நடுவிரல் வெளிப்பக்க எலும்பு முனையில். ஒரு நேரத்தில் ஒரு மூட்டுத்தான். காதால் கேட்கும் சிறு ‘டிக்’ சத்தம் பெரும்பாலும் நார் உரசுவது. அதற்குப் பயப்பட ஏதுமில்லை. தேட வேண்டியது விரலுக்குள் உணரும் கனத்த ஒரு நழுவல். அழுது உடம்பை இறுக்கும் பிள்ளையில் அது அகப்படாது. மூன்று மாதம் தாண்டினால் தசைகள் இறுகி அதுவும் மறைந்துவிடும். அதன்பின் கண்ணால் பார்க்க வேண்டியவை வேறு: நப்பி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப்போல் அகலாமல் தடைப்படுவது, இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதத்தை ஊன்றினால் ஒன்று பதிந்து நிற்பது, தொடை மடிப்புகள் ஒத்துவராமல் இருப்பது. மடிப்பு மட்டும் வித்தியாசமாக இருந்தால் அது பெரும்பாலும் இயல்பே.

ஆக, இரண்டாம் வயதில் தெரிந்தது இரண்டாம் நாளில் தெரியக்கூடியதாயிற்று. இந்த நோயின் நவீன வரலாறு முழுவதும் என்னளவில் இந்த ஒரு வரிதான். மற்ற எல்லாமே இதைச் சாத்தியமாக்க வந்தவை, அல்லது இது தவறும்போது ஈடுகட்ட வந்தவை.

இலங்கைக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. இங்கே ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. வீட்டுக்குத் துண்டு வெட்ட முன் டாக்டர் பிள்ளையைப் பார்க்கிறார், பீ.சி.ஜி. ஊசி போடப்படுகிறது, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தாயின் கையில் கொடுக்கப்படுகிறது. பிறகு மிட்வைஃப் மிஸி வீட்டுக்கே வருகிறார். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து கட்டியெழுப்பப்பட்ட ஏற்பாடு இது. ஆயிரத்தில் ஓரிரு பிள்ளைக்கு வரும், வலியும் இல்லாத ஒரு நோயைப் பிடிக்க இதைவிட நல்ல வலை இல்லை. வலையின் கண் எங்கே பெரிதாகிறது என்றால், கூட்டம் நிறைந்த வார்டில், ஒரு காலையில் இருபது முப்பது பிள்ளைகளைப் பார்த்து முடிக்க வேண்டிய இளம் டாக்டரின் கையில். ஒர்டோலானியின் துடிப்பைத் தன் விரலில் ஒருமுறைகூட உணராதவர் அதைத் தேடினாலும் கண்டுகொள்வது கடினம். பழகிய கை ஒன்று பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கைக்குத் துணையாக வந்தது ஸ்கான். எக்ஸ்றேயில் குருத்தெலும்பு விழாது. தொடைத் தலையின் எலும்பு மையம் நான்கு முதல் ஆறு மாதத்தில்தான் தெரியத் தொடங்கும். அதுவரை எக்ஸ்றே அரைக் குருடு. 1980இல் ஒஸ்திரியாவின் றெய்ன்ஹார்ட் கிறாஃப், வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்டை இடுப்பில் வைத்துக் குழியின் சரிவை ஒரு கோணமாக அளக்கக் காட்டினார். அல்ஃபா என்று அழைக்கப்படும் அந்தக் கோணம் 60 பாகையோ அதற்கு மேலோ என்றால் முதிர்ந்த மூட்டு. ஒஸ்திரியா 1992இலும் ஜேர்மனி 1996இலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஸ்கானை முறைப்படுத்தின. பிரித்தானியாவோ பரிசோதனையில் சந்தேகம் எழுந்தவர்களுக்கும், தலை திரும்பாதிருந்த பிள்ளைகளுக்கும், குடும்பத்தில் குறை உள்ளவர்களுக்கும் மட்டும் என்று நிறுத்திக்கொண்டது.

எது சரி என்ற வாதத்தின் வேர் பார்லோவின் கணக்கிலேயே இருக்கிறது. அறுபது பிள்ளைகளில் ஒன்றுக்கு அவர் தளர்ந்த மூட்டைக் கண்டார். அவற்றில் 60 சதவீதம் முதல் கிழமையிலும் 88 சதவீதம் இரண்டு மாதத்திலும் வைத்தியமின்றியே இறுகிவிட்டன. பிறந்த உடனே எல்லோருக்கும் ஸ்கான் எடுத்தால், தானே குணமாகப் போகும் பல பிள்ளைகளைக் கட்டிப்போட்டுவிடுவோம். எங்கள் ஆஸ்பத்திரிகளின் நெரிசலை நினைத்தால் எனக்குப் பிரித்தானிய வழியே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: ஆபத்துள்ள பிள்ளை ஒன்றுகூட ஆறாம் கிழமை ஸ்கானைத் தவறவிடக் கூடாது. தலை திரும்பாததால் சீசர் பண்ணிப் பிறந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சீசரோடு ஆபத்து முடிந்துவிட்டது என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்தப் பிள்ளை கடைசி மாதங்களைக் குந்தியபடி கழித்தது மாறவில்லை. வார்டில் “இடுப்பு சரி” என்று எழுதியிருந்தாலும், “தலை திரும்பாத பிள்ளை, இடுப்பு ஸ்கான் எப்போ?” என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

கண்டுபிடித்த வயதுதான் வைத்தியத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆறு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் பாவ்லிக் வார்ப்பட்டியே போதும். செக் நாட்டின் ஆர்னோல்ட் பாவ்லிக் 1940களில் செய்து பார்த்த கருவி அது. லோரன்ஸ் பாணியில் அடித்து வைத்ததுபோல் அசையாமல் கிடத்துவதே எலும்புத் தலையைக் கொல்கிறது என்று அவர் கண்டார். தோளிலிருந்து இறங்கும் மென்பட்டிகள் முழங்காலை மேலே தூக்கி வைத்திருக்கும். பிள்ளை தாராளமாக உதைக்கலாம், அந்த உதைப்பே மூட்டைக் குழிக்குள் நெறிப்படுத்தும். இரவும் பகலும் ஆறு முதல் பன்னிரண்டு கிழமை வரை. பிள்ளை வளரும் வேகத்துக்குப் பட்டியை அடிக்கடி கிளினிக்கில் அளவு மாற்ற வேண்டும்.

இதை மருதானையின் ஒரு சிறு வீட்டில், மே மாதப் புழுக்கத்தில் நினைத்துப் பாருங்கள். குளிப்பாட்ட முடியாது, ஈரத் துணியால் துடைக்கத்தான் முடியும். பட்டியின் கீழ் வியர்க்குரு. உடுப்பு வெளியால். நாற்பது நாளுக்குள் பார்க்க வரும் ஒவ்வொரு மாமியும், “புள்ளக்கி என்ன இது? அவுத்துப் போடு, பாவம்” என்பார். உம்மும்மா எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டிப் பிடித்துவிட ஆசைப்படுவார். இந்தக் கருவி தோற்பது பெரும்பாலும் இந்த இரக்கத்தினால். அதனால் கிளினிக்குக்குத் தாயோடு உம்மும்மாவையும் கூட்டிப்போவது நல்லது. ஸ்கான் படத்தைப் பார்த்துவிட்டால் பட்டிக்கு அவரே காவலாகிவிடுவார். எச்சரிக்கையும் ஒன்று உண்டு. பிள்ளை ஒரு முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிட்டால் பட்டி அளவுக்கு மிஞ்சி மடக்கி நரம்பை நெரிக்கிறது. அன்றைக்கே காட்ட வேண்டும். மூன்று நான்கு கிழமையில் மூட்டு உள்ளே வராவிட்டால் பட்டியைத் தொடரவும் கூடாது, அது குழியின் பின்விளிம்பைத் தேய்த்துவிடும்.

ஆறு மாதத்துக்குப் பிந்தினால் மயக்கம் கொடுத்து மூட்டை மெல்ல ஏற்றி, மார்பிலிருந்து கால்வரை பிளாஸ்டர் போடுகிறார்கள். பழைய தவளைக் கிடப்பு அளவுக்கு விரிப்பதில்லை. ஒன்றரை வயதைத் தாண்டினால் அறுவை; சிலருக்குத் தொடை எலும்பைச் சற்றுக் குறுக்கி, இடுப்பெலும்பையும் வெட்டித் திருத்த வேண்டும். பிளாஸ்டர் ஏறத்தாழ மூன்று மாதம், நடுவில் தியேட்டரில் ஒருமுறை மாற்றுவார்கள். பிளாஸ்டர் போட்ட பிள்ளையை ஓட்டோவில் ஏற்றுவதே ஒரு வித்தை. சிறிய நப்பியைப் பிளாஸ்டரின் வாய்க்குள் செருகி, மேலே பெரியதொன்றைக் கட்ட வேண்டும். சில மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். விரல்கள் நீலிக்கின்றனவா, வீங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அரிக்கிறது என்று குச்சி விடக் கூடாது. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இதைச் செய்து முடிக்கும் தாய்மாருக்கு யாரும் விருது கொடுப்பதில்லை. அரச ஆஸ்பத்திரியில் அறுவை இலவசம். அந்த மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் விட்ட சம்பளம் இலவசமல்ல.

துணி சுற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளையின் கால்களை நேரே நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கம் இருந்த சமூகங்களில் இந்த நோய் மிகுதி என்பது நன்கு தெரிந்த விடயம். ஜப்பான் 1975இல் நாடு தழுவிய பிரசாரமாக, காலை நீட்டிச் சுற்றாதீர்கள் என்று பாட்டிமாருக்கும் தாய்மாருக்கும் சொன்னது. நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்றுவரை இருந்த நோய் நானூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கத்தியில்லாமல் கிடைத்த வெற்றி. எங்கள் பழைய வழக்கத்தில் நல்லதும் இருந்தது: கழுத்து நின்ற பிள்ளையைக் காலை அகட்டி இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டு வேலை பார்த்தார்கள். தொடை விரிந்து, முழங்கால் மடிந்து, மூட்டு குழிக்குள் அழுந்தும் கிடப்பு அது. இப்போது அது குறைந்து, புறக்கோட்டைக் கடைகளில் வாங்கும் சிப் வைத்த சுற்றுப் பைகளும், கைப்பேசி வீடியோவில் பார்த்து இறுக்கிச் சுற்றுவதும் வந்திருக்கின்றன. கையைச் சுற்றலாம். கால்கள் துணிக்குள்ளேயே மடிந்து விரிய இடம் இருக்க வேண்டும். நெஞ்சில் கட்டும் பை வாங்கினால் தொடைகளை முழங்கால்வரை தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

பட்டி கழற்றியதோடும், பிளாஸ்டர் வெட்டியதோடும் கணக்கு முடிவதில்லை. ஸ்கானில் நன்றாக இருந்த மூட்டின் கூரை பின்னர் வளராமல் நின்றுபோகலாம். எலும்புத் தலையின் இரத்தக் குறை ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் எக்ஸ்றேயில் விழலாம். அதனால் ஒரு வயதை அண்டி ஒரு எக்ஸ்றே, நடக்கத் தொடங்கியபின் இன்னொன்று, பிறகு இடைவெளி விட்டு எலும்பு வளர்ச்சி முடியும்வரை. பிள்ளை ஓடித் திரிகிறதே என்று நாலாம் ஐந்தாம் வயதில் கிளினிக்கை விட்டுவிடுவோர்தான் அதிகம். கிளினிக் கொப்பியையும் முதல் எக்ஸ்றேக்களையும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து தன் முதல் பிள்ளைக்குத் தாயாகும்போது, வார்டில் டாக்டர் கேட்கும் “குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?” என்ற கேள்விக்கு அவள் கையில் பதில் இருக்கும்.